எமது பிள்ளைகளும் விஞ்ஞானப் பிரிவும்

சாதாரண தரப் பெறுபேறு வந்து ஒரு மாதமளவில் எமது அலுவலகத்துக்கு ஒரு தகப்பன் வந்தார். விதைநெல் கடன் சம்பந்தமாக வந்தவர். பத்திரத்தில் கையொப்பம் வைத்த பின்னர் சேட்டுப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். மகளின் பெறுபேறு. விவசாயத்தில் ஏ, விஞ்ஞானத்தில் பி, கணிதத்தில் சி. ஒன்பது பாடமும் சித்தி.

"கிட்டப் பள்ளிக்கூடத்திலை கலைதான் இருக்காம் ஐயா. அதிலை சேத்து விட்டிட்டன். பிள்ளை இரண்டு நாளாச் சரியாச் சாப்பிடேல்லை. ஏனெண்டு எனக்கு விளங்கேல்லை" என்றார்.

"அண்ணை, பிள்ளை என்ன படிக்கப் போறன் எண்டு கேட்டவள்?"

"பயோ எண்டு சொன்னவள். அது அங்கை இல்லையாம்."

அந்தப் பிள்ளை 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாளின் கீழ் பிறந்தவள். முகாமிலிருந்து வெளியே வந்த பின்னரும் குடும்பத்தின் வயற்காணி அவர்கள் கைக்கு வரவில்லை. இன்றைக்கும் உறவினர் காணியில் குடியிருந்துகொண்டு, வேறொருவர் வயலைக் குத்தகைக்குச் செய்கிறார்கள். அந்தக் குடியிருப்புக்கு நாம் பல வருடங்களாகப் போய் வருகிறோம். கிணறு கட்டினோம், நீர்ப்பம்பி கொடுத்தோம், கோழிக்குஞ்சு கொடுத்தோம். அங்குள்ள பாடசாலையில் உயர்தரத்துக்கு என்ன பாடங்கள் உண்டு என்று ஒருநாளும் விசாரித்ததில்லை. தகப்பனுக்கு விளங்கவில்லை என்று குறை சொல்ல எமக்கு என்ன தகுதி இருக்கிறது?

இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம். இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளை விஞ்ஞானம் படிப்பதா இல்லையா என்பதைப் பிள்ளையின் கெட்டித்தனம் தீர்மானிப்பதில்லை. அருகிலுள்ள பாடசாலையின் வகையும் காலை பஸ்ஸின் நேரமும் தீர்மானிக்கின்றன. அதுவும் பெறுபேறு வரும் நாளில் அல்ல. பிள்ளை ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே விஷயம் முடிந்துவிடுகிறது. பெற்றோராகிய நீங்கள் அப்போதே கேட்கத் தொடங்க வேண்டும் என்பது எமது உறுதியான கருத்து.

முதலில் பாடசாலை வகை. அரசாங்கப் பாடசாலைகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலை 1ஏபி எனப்படும். உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளது 1சி. பதினோராம் வகுப்புடன் நிற்பது வகை 2. சிறிய வகுப்புகள் மட்டும் உள்ளது வகை 3. மீள்குடியேறிய கிராமங்களிலும் காட்டோரக் குடியிருப்புகளிலும் பெரும்பாலும் நாம் காண்பது பின்னைய மூன்றும்தான். 'மகா வித்தியாலயம்' என்று பெயர்ப்பலகை இருந்தால் எல்லாப் பாடமும் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். பலகையை விட்டு அதிபரிடம் கேளுங்கள். 1ஏபி என்று சொன்னாலும் அதோடு நிற்காமல், பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஆய்வுகூடம் இருந்தும் அதைத் திறக்க ஆசிரியர் இல்லாத பாடசாலைகளை நாம் பார்த்திருக்கிறோம். கஷ்டப் பிரதேசத்துக்கு நியமனம் பெற்று வருபவர் தமது காலம் முடிந்ததும் இடமாற்றம் பெற்றுப் போய்விடுகிறார். அவரை முழுக்கக் குற்றம் சொல்லவும் முடியாது. அவருக்கும் பிள்ளைகள் உண்டு.

அடுத்தது கணிதம். சாதாரண தரத்தில் பிள்ளை ஒன்பது பாடங்களுக்குத் தோற்றுகிறது. சமயம், முதல்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் எல்லாருக்கும் கட்டாயம். மிகுதி மூன்றைத் தொகுதிகளிலிருந்து தெரியலாம். உயர்தரம் படிப்பதற்குப் பொதுவான தகுதி என்னவென்றால், ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அந்த ஆறில் முதல்மொழியும் கணிதமும் இருக்க வேண்டும். குறைந்தது மூன்று பாடங்களில் திறமைச் சித்தி, அதாவது சி அல்லது அதற்கு மேல் வேண்டும். சுற்றுநிருபங்கள் இடைக்கிடை சில தளர்வுகளைத் தந்தாலும், விஞ்ஞானப் பிரிவுக்குப் போக விரும்பும் பிள்ளை கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் சும்மா சித்தியடைந்தால் போதும் என்று நினைக்கக் கூடாது.

இடம்பெயர்வு எமது பிள்ளைகளை வெட்டிய இடம் இந்தக் கணிதம்தான். வரலாற்றில் ஒரு பாடம் தவறினால் அடுத்த பாடத்தைப் படிக்கலாம். தமிழில் ஒரு செய்யுள் தவறினால் பிறகு ஒரு மழைநாளில் படித்துக்கொள்ளலாம். கணிதம் அப்படியல்ல. ஆறாம் வகுப்பில் பின்னம் பிடிபடாத பிள்ளைக்கு எட்டாம் வகுப்பில் அட்சரகணிதம் பிடிபடாது. அது பிடிபடாவிட்டால் பத்தாம் வகுப்பில் விஞ்ஞான வாத்தியார் வேகத்துக்கும் விசைக்கும் எழுதும் சமன்பாடு வெறும் எழுத்தாகத்தான் தெரியும். கிணற்றில் அடிக்கல் ஒன்று விலகினால் மேலே கட்டு நிற்காது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களும், 2008, 2009இல் வன்னிக்குள் இடம் இடமாக ஓடியவர்களும் அன்று எத்தனை பாடசாலை மாறினார்கள்? அன்றைக்குப் பின்னம் தவறவிட்ட பிள்ளைகள்தான் இன்றைக்குத் தாய் தகப்பனாக இருக்கிறார்கள். வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்க முடியாமல் இருப்பதற்கு அவர்கள் வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் 'எங்கடை பரம்பரைக்குக் கணக்கு ஏறாது' என்று பிள்ளைக்கு முன்னால் சொல்வதை நிறுத்த வேண்டும். அந்த வார்த்தையைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறோம்.

ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் பிள்ளையின் கணிதப் புள்ளியை ஒருமுறை கேளுங்கள். முப்பது, முப்பத்தைந்து என்று நின்றால் அந்த விடுமுறையில் ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். பதினோராம் வகுப்பில் பட்டணத்து ரியூசனுக்குக் கொட்டும் காசு இதைச் செய்யாது. ஊரில் உயர்தரம் படித்து வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர் ஒருவர் பொது மண்டபத்தில் மாலையில் ஒரு மணித்தியாலம் சொல்லிக்கொடுத்தால் போதும். மாதர் சங்கத்தின் சேமிப்பிலிருந்து அவருக்கு ஒரு சிறு தொகை கொடுக்கலாம். இதை ஒழுங்கு செய்து சரிவந்த இடமும் உண்டு, இரண்டு மாதத்தில் குழம்பிய இடமும் உண்டு. குழம்பிய இடத்தில் காரணம் காசு அல்ல. காலபோக விதைப்பு வந்ததும் பிள்ளைகளை வயலுக்கு மறித்துவிட்டார்கள்.

இனி உயர்தரத்தில் உள்ள தெரிவுகள். மூன்று பாடம் எடுக்க வேண்டும். பிள்ளைகள் 'மற்ஸ்' என்று சொல்வது பௌதிக விஞ்ஞானப் பிரிவு. அதில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் படிப்பார்கள். பொறியியலுக்குப் போகும் வழி அது. 'பயோ' என்பது உயிரியல் விஞ்ஞானப் பிரிவு. அதில் உயிரியலும் இரசாயனவியலும் உண்டு. மூன்றாவதாகப் பௌதிகவியலை எடுக்கலாம், அல்லது விவசாய விஞ்ஞானத்தை எடுக்கலாம். இந்த மூன்றாவது பாடத்தைப் பற்றித்தான் பெற்றோர் பலருக்குத் தெரியாது. பௌதிகவியல் எடுத்தால் வைத்தியத் துறைக்கும் வழி திறந்திருக்கும், விவசாயத் துறைக்கும் திறந்திருக்கும். விவசாய விஞ்ஞானம் எடுத்தால் வைத்திய பீடத்தின் கதவு அன்றே மூடிவிடும். விவசாய பீடத்தின் கதவு திறந்தே இருக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பேராதனை இருக்கிறது.

எதை எடுப்பது? எமது கருத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். பிள்ளைக்குப் பௌதிகவியல் ஆசிரியரும் அதைத் தாங்கும் கணித அறிவும் இருந்தால் பௌதிகவியலையே எடுக்கட்டும். பதினாறு வயதில் ஒரு கதவையும் வீணாகச் சாத்தத் தேவையில்லை. ஆசிரியர் இல்லாத பாடசாலையில் பௌதிகவியலை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை ரியூசனை நம்பி, ஒரு பாடத்தால் மூன்று பாடத்தையும் இழப்பதைவிட விவசாய விஞ்ஞானம் மேல். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க மூன்று பாடத்திலும் ஒரே தடவையில் சித்தி வேண்டும், பொதுச் சாதாரணப் பரீட்சையில் முப்பது புள்ளியும் வேண்டும். ஒரு பாடம் விழுந்தால் அந்தத் தடவை எல்லாமே விழுந்தது போலத்தான். இதைத் தெரிந்துகொண்டு எடுத்தால் இரண்டு வழியும் நல்ல வழியே. தெரியாமல் எடுத்துவிட்டு இரண்டு வருடம் கழித்து "டொக்டருக்கு ஏலாதாம்" என்று அழுவதுதான் கொடுமை.

இவற்றோடு 2013இல் தொழினுட்பப் பிரிவு என்று புதிதாக ஒன்று தொடங்கினார்கள். பொறியியல் தொழினுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழினுட்பவியல், அதோடு தொழினுட்பத்திற்கான விஞ்ஞானம், மூன்றாவதாக ஒரு பட்டியலிலிருந்து ஒரு பாடம். அந்தப் பட்டியலில் விவசாய விஞ்ஞானமும் இருக்கிறது. மண், பயிர், இயந்திரம் என்று கையால் செய்து படிக்கும் பிள்ளைக்கு இது பொருந்தும். அறிவியல் நகரிலேயே தொழினுட்ப பீடமும் உண்டு. இதைக் 'கெட்டித்தனம் குறைந்தவர்களின் பிரிவு' என்று பேசும் பழக்கம் எமது ஊர்களில் பரவிவிட்டது. அப்படிப் பேசுபவர்களில் எத்தனை பேர் அந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்து பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

விவசாயம் படிக்கப் போவதாகப் பிள்ளை சொன்னால் தகப்பன்மார் சிரிக்கிறார்கள். "மண்வெட்டி பிடிக்கவோ கம்பஸுக்குப் போறாய்? அதை நான் சொல்லித்தாறன்" என்கிறார்கள். அந்தச் சிரிப்பின் அடியில் துக்கம் இருக்கிறது என்பதையும் நாம் அறிவோம். காணியை இழந்து, மாட்டை இழந்து, உழவு இயந்திரத்தை வழியில் விட்டுவந்த மனிதனுக்குத் தன் பிள்ளை மறுபடி அந்த மண்ணுக்கே வருவது தோல்வியாகப் படுகிறது. ஆனாலும் ஒரு கணக்குக் கேளுங்கள்.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் தடைசெய்தது. நவம்பரில்தான் தடை தளர்ந்தது. கூட்டெரு போட்டால் எல்லாம் சரிவரும் என்றார்கள். ஐம்பது கிலோ யூரியா உரப்பை ஒன்றை எடுப்போம். யூரியாவில் நூற்றுக்கு நாற்பத்தாறு பங்கு நைதரசன். ஆகவே அந்தப் பையில் இருபத்து மூன்று கிலோ நைதரசன் இருக்கிறது. கூட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒன்று, நன்றாகச் செய்தால் இரண்டு. அதே இருபத்து மூன்று கிலோவைக் கூட்டெருவிலிருந்து எடுக்க ஆயிரத்து நூற்றைம்பது கிலோவிலிருந்து இரண்டாயிரத்து முந்நூறு கிலோ வரை வேண்டும். அதையும் பயிர் உடனே எடுத்துக்கொள்ளாது. ஒரு பைக்கே இவ்வளவு என்றால் ஐந்து ஏக்கருக்கு எவ்வளவு? அவ்வளவு எருவுக்கு மாடு எங்கே, ஏற்றிவர டீசல் எங்கே? இந்தக் கணக்குக்கு விஞ்ஞானி தேவையில்லை. பத்தாம் வகுப்புக் கணிதமும் கொஞ்சம் இரசாயனவியலும் போதும். அந்தக் கணக்கைச் சபையில் எழுந்து கேட்கக்கூடிய ஒரு பிள்ளை ஒவ்வொரு கமக்காரர் அமைப்பிலும் இருந்திருந்தால், அந்தக் காலபோகத்துக்கு முன்னரே ஊர்கள் குறைந்த ஏக்கரை விதைத்து இருந்த பசளையைச் சேர்த்துப் போட்டிருக்கும். நாடெங்கும் அந்தப் போகத்தில் நெல் விளைச்சல் பெருமளவு விழுந்ததை நீங்கள் உங்கள் கையாலேயே அறுத்துக் கண்டீர்கள். விவசாயம் படித்த பிள்ளை மண்வெட்டிக்குத் திரும்பி வருவதாக எண்ண வேண்டாம். மண்வெட்டியோடு நிற்பவர்களுக்காகப் பேச ஒருவர் வருகிறார்.

பல்கலைக்கழக அனுமதி பற்றியும் சொல்ல வேண்டும். தரப்படுத்தல் என்றால் எமது மூத்தவர்களின் முகம் இறுகும். 1971இல் மொழிவாரியாகப் புள்ளிகளை மாற்றினார்கள். 1974இல் மாவட்டப் பங்கீடு வந்தது. விஞ்ஞானத் துறைகளில் யாழ்ப்பாணத்து மாணவர் பலர் நல்ல புள்ளி எடுத்தும் வெளியே நின்றார்கள். அந்தக் காயம் உண்மையானது. ஆனால் அதே மாவட்டப் பங்கீட்டால் மன்னாரிலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் முன்னர் கம்பஸ் வாசலையே காணாத கிராமங்களிலிருந்து பிள்ளைகள் போனார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும். இப்போது விஞ்ஞானத் துறைகளில் நாற்பது வீத இடங்கள் நாடளாவிய திறமைக்கு, ஐம்பத்தைந்து வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, ஐந்து வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவும் கிளிநொச்சியும் மன்னாரும் வவுனியாவும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளன. 2001 முதல் நேர்ப் புள்ளிக்குப் பதிலாக இசற்புள்ளி பார்க்கப்படுகிறது.

இதில் இடம்பெயர்ந்தவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பிள்ளையின் மாவட்டம் எது என்பது பிறந்த ஊரையோ இழந்த காணியின் உறுதியையோ வைத்துத் தீர்மானிக்கப்படுவதில்லை. பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தது என்பதை வைத்தே பார்க்கிறார்கள். நல்ல ரியூசனுக்காகக் கடைசி வருடங்களில் பிள்ளையை வேறு மாவட்டத்துக்கு அனுப்புவதற்கு முன்னர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வாங்கி அந்தப் பகுதியை ஆசிரியரோடு சேர்ந்து வாசியுங்கள். அது தமிழிலும் வருகிறது.

ஒவ்வொரு சிறு பாடசாலையிலும் விஞ்ஞானப் பிரிவு வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ஆறு பிள்ளைகளுக்கு மூன்று ஆசிரியரும் ஓர் ஆய்வுகூடமும் கொடுக்க எந்த வலயத்தாலும் முடியாது. பெயருக்குத் தொடங்கினால் பிள்ளைகளைத்தான் ஏமாற்றுவோம். கோட்டத்துக்கு ஒரு பாடசாலை ஆசிரியர் நிறைந்ததாக இருக்கட்டும். அங்கே ஒரு விடுதி இருக்கட்டும். இது புதுமையான யோசனையுமல்ல. கன்னங்கரா காலத்தில் கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகளை அமைத்தபோது, தூரத்துக் கிராமத்துப் பிள்ளைகள் புலமைப்பரிசிலில் தங்கிப் படிப்பதற்கு விடுதியும் சேர்த்தே அமைத்தார்கள். போர் எமது பகுதிகளில் கட்டடங்களை உடைத்தது. கட்டடங்கள் திரும்ப எழுந்துவிட்டன. விடுதிகள் பல இடங்களில் எழவில்லை. பெண்பிள்ளையைத் தூரத்துக்கு விட மாட்டோம் என்று தாய்மார் சொல்வதற்குப் பழமைதான் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். மாலை ஆறு மணிக்குக் காட்டு வீதியில் பஸ் இறக்கிவிட்டுப் போகும் பிள்ளையின் தாய்க்கு அந்த எழுத்தால் ஒரு பயனும் இல்லை. நம்பகமான ஒரு விடுதியும் அதற்கு ஒரு நல்ல பொறுப்பாளரும் இருந்தால் அந்தத் தாயே பெட்டியைக் கட்டிவிடுவாள்.

கலைப் பிரிவைக் குறைத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். விரும்பிப் படிக்கும் பிள்ளை அதிலும் மேலே போகும். சாதாரண தரத்தில் தவறிய பிள்ளைக்கும் 2017இல் தொடங்கிய பதின்மூன்று வருடக் கல்வித் திட்டத்தின் கீழ் தொழிற்பாடங்கள் உண்டு. வவுனியாவில் விவசாயத் திணைக்களத்தின் விவசாயப் பாடசாலை உண்டு. அவற்றைப் பற்றித் தனியாக எழுதுவோம்.

அந்தத் தகப்பனோடு நாம் 1ஏபி பாடசாலைக்குப் போனோம். எமது அலுவலகத்திலிருந்து இருபத்திரண்டு கிலோமீற்றர். வகுப்புத் தொடங்கிக் கன நாளாகிவிட்டது. அதிபர் தாளைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், "விட்ட பாடத்தைக் கொப்பியிலை எழுதி முடிக்கவேணும், சரியே?" என்றார். பிள்ளை தலையாட்டினாள். பௌதிகவியலா விவசாய விஞ்ஞானமா என்று கேட்டபோது தகப்பன் எம்மைப் பார்த்தார். நாம் பிள்ளையைப் பார்த்தோம். பௌதிகவியல் என்றாள். அங்கே அதற்கு ஆசிரியர் இருக்கிறார்.

இப்போது பஸ்ஸில்தான் போய் வருகிறாள். காலை முதல் பஸ் குடியிருப்புச் சந்திக்கு ஏழு மணிக்கு வருகிறது. பாடசாலைக்குப் போய்ச் சேர எட்டேகாலாகும். இரசாயனவியல் வாரத்தில் இரண்டு நாள் முதற் பாடமாக நடக்கிறது. அந்த வீதியால் உயர்தரத்துக்குப் போகும் பிள்ளைகள் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எமக்குத் தெரிந்தது. பஸ்ஸை ஆறேகாலுக்கு விடும்படி பெற்றோர் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றை டிப்போவுக்கும் வலயக் கல்விப் பணிமனைக்கும் கொடுத்திருக்கிறோம். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. அடுத்த கிழமை மறுபடியும் போகிறோம். உங்கள் வீதியிலும் இப்படிப் பிள்ளைகள் இருந்தால் எத்தனை பேர், எந்தப் பாடசாலை, பஸ் எத்தனை மணிக்கு என்று எழுதி அனுப்புங்கள். கடிதத்தோடு அந்தப் பட்டியலையும் சேர்த்துக் கொண்டுபோவோம்.